போர்ட்டெய்னர் எங்கே மாட்டிக்கொண்டது? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்குவது

டாக்கர் என்பது நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள், போர்ட்டெய்னர் என்பது அந்தக் கன்டெய்னர்களைப் பிரவுசரிலிருந்து நிர்வகிக்கும் கருவி. டாக்கர் ஓடும் சர்வரில் போர்ட்டெய்னர் நிறுவுவது பெரிய வேலை இல்லை. போர்ட்டெய்னர்_டேட்டா என்று ஒரு வால்யூம் (தரவைச் சேமிக்கும் இடம்) உருவாக்க வேண்டும், இமேஜை (கன்டெய்னருக்கான அச்சு) இறக்கிக் கன்டெய்னராக ஓட விட வேண்டும், பிரவுசரில் 9443 போர்ட்டைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். இது சரியாக நடக்காதபோது நிறையப் பேர் என்ன செய்கிறார்கள் என்றால், கன்டெய்னரை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள், அதுவும் சரிவராவிட்டால் வால்யூமையும் சேர்த்து அழிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். போர்ட்டெய்னர் தானாக எந்தக் கன்டெய்னரையும் ஓட்டுவதில்லை. நீங்கள் ஒரு பட்டனை அழுத்தினால் அது டாக்கர் எஞ்சினிடம் போய்க் கேட்கிறது, வேலையைச் செய்வது எஞ்சின். ஆக பிரவுசர், போர்ட், போர்ட்டெய்னர் கன்டெய்னர், சாக்கெட் (எஞ்சினிடம் பேசும் வழியாக இருக்கும் ஒரு கோப்பு), எஞ்சின் என்று ஒரு சங்கிலி இருக்கிறது. அது எந்தக் கண்ணியில் அறுந்திருக்கிறது என்று தெரியாமல் மறுபடி நிறுவினால், அதே கண்ணி மறுபடியும் அறுந்தபடியே இருக்கும்.

கண்டுபிடிக்க இரண்டு கட்டளை போதும். முதலில் 'டாக்கர் பிஎஸ் -ஏ'. '-ஏ' முக்கியம், அது இல்லாவிட்டால் நின்றுபோன கன்டெய்னர் பட்டியலில் வராது. இரண்டாவது 'டாக்கர் லாக்ஸ் போர்ட்டெய்னர்'. லாக்கின் கடைசிப் பத்துப் பதினைந்து வரிகளைப் படிக்காமல் எதையும் மாற்ற வேண்டாம். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: போர்ட்டெய்னரை நிறுத்தினாலும் அழித்தாலும் உங்களுடைய மற்ற கன்டெய்னர்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதனால் பதற்றம் வேண்டாம், நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கிறது.

கன்டெய்னர் எழவே இல்லை

ரன் கட்டளை கொடுத்த உடனே 'போர்ட் இஸ் ஆல்ரெடி அலகேட்டட்' என்றோ 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்றோ வந்தால், நீங்கள் கேட்ட போர்ட்டை வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். 'எஸ்எஸ் -டிஎல்என்பி' என்ற கட்டளையை சூடோவோடு கொடுத்தால் எந்த போர்ட்டில் எந்த நிரல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் மாட்டுவது 8000, ஏனென்றால் டெவலப்மென்ட் சர்வர்களில் பாதி அந்த எண்ணில்தான் எழும். நல்ல செய்தி என்னவென்றால் உங்களுக்கு 8000 தேவையே இல்லாமல் இருக்கலாம். அது எட்ஜ் ஏஜென்ட் என்ற தொலைதூர ஏஜென்ட்டுக்கான சுரங்கப் பாதை, ஒரே ஒரு சர்வரை மட்டும் நிர்வகிக்கிறீர்கள் என்றால் ரன் கட்டளையில் அந்த போர்ட்டைத் தரும் பகுதியை அப்படியே எடுத்துவிடலாம். 9000 என்பது பழைய எச்டிடிபி போர்ட், அதுவும் கட்டாயமில்லை. 9443 ஒன்று போதும். அதுவும் மாட்டினால் வெளிப்பக்க எண்ணை மட்டும் மாற்றி 9444:9443 என்று கொடுங்கள், முக்காற்புள்ளிக்கு வலது பக்கம் இருப்பதைத் தொடாதீர்கள். அது கன்டெய்னருக்குள் இருக்கும் எண், போர்ட்டெய்னர் அங்கேதான் காது வைத்திருக்கிறது.

பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று வந்தால் பழைய கன்டெய்னர் நின்றபடி கிடக்கிறது என்று பொருள். அதை அழித்துவிட்டுத் தொடரலாம், தரவு வால்யூமில்தான் இருக்கிறது, போகாது.

எழுந்து எழுந்து விழுகிறது

'டாக்கர் பிஎஸ் -ஏ' வெளியீட்டில் நிலை 'ரீஸ்டார்ட்டிங்' என்றே காட்டிக்கொண்டிருந்தால் லாக்கைப் படித்தே ஆக வேண்டும். தரவுத்தளக் கோப்பைத் திறக்க முயன்று 'டைம்அவுட்' என்று ஒரு வரி வந்திருந்தால், அதே வால்யூமை இன்னொரு போர்ட்டெய்னர் கன்டெய்னர் பிடித்திருக்கிறது. போர்ட்டெய்னர் தன் அமைப்புகளையெல்லாம் போல்ட்டிபி வகைக் கோப்பு ஒன்றில் வைக்கிறது, போர்ட்டெய்னர்.டிபி என்பது அதன் பெயர். அந்தக் கோப்பை ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுதத் திறக்க முடியும், இரண்டாவதாக வருபவர் பூட்டுக்காகக் காத்திருந்து கைவிட்டுவிடுவார். வேறு பெயரில் பழைய போர்ட்டெய்னர் ஓடுகிறதா பாருங்கள், அதை நிறுத்தினால் சரியாகிவிடும்.

இன்னொரு காரணம் பதிப்பைப் பின்னோக்கிக் கொண்டுபோவது. புதிய பதிப்பு ஒருமுறை ஓடிவிட்டால் தரவுத்தளத்தைத் தன் வடிவத்துக்கு மாற்றிவிடும், அதற்குப் பிறகு பழைய இமேஜைப் போட்டால் அது ஏற்காது. அதனால்தான் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னால் அமைப்புகள் பக்கத்தில் இருக்கும் பேக்கப் பட்டனை அழுத்தி ஒரு கோப்பை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேர வேலைதான், ஆனால் யாரும் செய்வதில்லை.

'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வந்தால் விளக்கம் தேவையில்லை. 'டாக்கர் சிஸ்டம் டிஎஃப்' கொடுத்து எது இடத்தை அடைத்திருக்கிறது என்று பாருங்கள். ஆனால் அவசரத்தில் ப்ரூன் கட்டளையோடு வால்யூம்களையும் சேர்த்துத் துடைக்க வேண்டாம், கீழே விழுந்து கிடக்கும் போர்ட்டெய்னரின் வால்யூமும் அதில் போய்விட வாய்ப்பு இருக்கிறது.

கன்டெய்னர் ஓடுகிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை

இங்கே பிரவுசர் எப்படித் தோற்கிறது என்பதைக் கவனியுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

'கிளையன்ட் சென்ட் அன் எச்டிடிபி ரிக்வெஸ்ட் டு அன் எச்டிடிபிஎஸ் சர்வர்' என்று ஒற்றை வரி வந்தால் எல்லாமே சரியாக இருக்கிறது, நீங்கள் முகவரியில் எச்டிடிபிஎஸ் போட மறந்துவிட்டீர்கள். 9443 எச்டிடிபிஎஸ் மட்டும்தான் பேசும்.

சான்றிதழ் நம்பகமில்லை என்று சிவப்பு எச்சரிக்கை வந்தால் அதுவும் பிழை இல்லை. போர்ட்டெய்னர் தனக்குத் தானே கையெழுத்திட்ட சான்றிதழோடு வருகிறது, பிரவுசருக்கு அது யார் என்று தெரியாது. உள்வலையமைப்பில் இருக்கும் சர்வர் என்றால் தொடரலாம். இணையத்தில் திறந்து வைக்கப்போகிறீர்கள் என்றால் முறையான சான்றிதழ் போட்ட பிறகு கடவுச்சொல்லை அடியுங்கள்.

'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று உடனடியாக மறுத்தால், கோரிக்கை அநேகமாகச் சர்வர் வரைக்கும் போயிருக்கிறது, அந்த போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. போர்ட்டைப் பப்ளிஷ் செய்யவில்லை (கன்டெய்னருக்கு வெளியே திறந்துவிடவில்லை), அல்லது 127.0.0.1 முகவரிக்கு மட்டும் கட்டிவைத்துவிட்டு வேறு கணினியிலிருந்து திறக்கப் பார்க்கிறீர்கள். மறுப்பும் வராமல் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் நேரம் முடிந்தது என்று வந்தால், நடுவில் ஏதோ ஃபயர்வால் கோரிக்கையை விழுங்குகிறது. கிளவுட் சர்வர் என்றால் முதலில் அந்தச் சேவையின் பேனலில் செக்யூரிட்டி குரூப் விதிகளைப் பாருங்கள், சர்வருக்குள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சர்வருக்குள் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும், இது பலருக்குத் தெரியாது. டாக்கர் பப்ளிஷ் செய்யும் போர்ட்டுக்கான விதிகளை அது ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் விதிகள்) தானே எழுதிக்கொள்கிறது, அந்தப் பொட்டலங்கள் யூஎஃப்டபிள்யூவின் உள்வரும் விதிகளைத் தொடாமலேயே கன்டெய்னருக்குப் போய்விடும். அதாவது நீங்கள் 9443 போர்ட்டை யூஎஃப்டபிள்யூவில் திறக்காவிட்டாலும் அது வெளியுலகுக்குத் திறந்துதான் இருக்கும். பக்கம் திறக்கவில்லை என்று யூஎஃப்டபிள்யூவைக் குற்றம் சொல்வதும், மூடிவிட்டோம் என்று யூஎஃப்டபிள்யூவை நம்பி நிம்மதியாக இருப்பதும் இரண்டுமே தப்பு. மூட வேண்டும் என்றால் 127.0.0.1:9443:9443 என்று பப்ளிஷ் செய்துவிட்டு எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாகப் போங்கள், அல்லது டாக்கர்-யூசர் என்ற சங்கிலியில் விதி எழுதுங்கள்.

'பாதுகாப்புக் காரணத்துக்காக நேரம் முடிந்துவிட்டது'

முதல் தடவை திறக்கும்போதே அட்மின் கணக்கு உருவாக்கும் படிவத்துக்குப் பதிலாக இந்தச் செய்தி வருகிறதா? கன்டெய்னர் எழுந்து 5 நிமிடத்துக்குள் அட்மினை உருவாக்கவில்லை என்றால் போர்ட்டெய்னர் தானே கதவை அடைத்துக்கொள்ளும். 'டாக்கர் ரீஸ்டார்ட் போர்ட்டெய்னர்' கொடுத்துவிட்டு உடனே திறங்கள். கடவுச்சொல் குறைந்தது 12 எழுத்துகள் வேண்டும், முன்னாலேயே யோசித்து வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம்.

எரிச்சலாக இருந்தாலும் இந்த ஏற்பாடு சரியானதுதான். அட்மின் உருவாகும் வரை அந்தப் பக்கத்தை முதலில் திறப்பவர் யாரோ அவரே முதலாளி, போர்ட்டெய்னரின் முதலாளி என்றால் சர்வரின் ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) என்றே பொருள். ஸ்கிரிப்ட் வழியாக நிறுவுகிறவர்கள் அட்மின்-பாஸ்வேர்ட்-ஃபைல் என்ற விருப்பத்தில் கடவுச்சொல் கோப்பைக் கொடுத்துவிட்டால் இந்தத் திரையே வராது.

உள்ளே போய்விட்டோம், லோக்கல் சூழல் மட்டும் 'டவுன்'

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான், காரணங்களும் பல. லாகின் ஆகிறது, முகப்பு வருகிறது, ஆனால் கன்டெய்னர் பட்டியல் வரவில்லை, சூழலுக்கு இணைய முடியவில்லை என்கிறது. பிரவுசர் பக்கம் எல்லாம் சரி என்று இதிலேயே தெரிந்துவிட்டது, அறுந்திருப்பது போர்ட்டெய்னருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் சாக்கெட்.

முதலில் சர்வரின் டெர்மினலில் 'டாக்கர் பிஎஸ்' வேலை செய்கிறதா? அதுவும் வேலை செய்யவில்லை என்றால் போர்ட்டெய்னரை விட்டுவிடுங்கள், எஞ்சினே நின்றிருக்கிறது. வேலை செய்கிறது என்றால் அடுத்து 'டாக்கர் இன்ஸ்பெக்ட் போர்ட்டெய்னர்' கொடுத்து மவுன்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். '/வார்/ரன்/டாக்கர்.சாக்' இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். இங்கே ஒரு வம்பு இருக்கிறது: சிறிய '-வி' விருப்பத்தில் இடது பக்கப் பாதையில் ஓர் எழுத்து தவறினாலும் டாக்கர் முணுமுணுக்காது, அந்தத் தவறான பெயரில் சர்வரில் ஒரு காலி அடைவை உருவாக்கி அதையே உள்ளே மாட்டிவிடும். எல்லாம் மாட்டியிருக்கிற மாதிரித் தெரியும், ஆனால் சாக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலி அடைவு இருக்கும். 'எல்எஸ் -எல்' கொடுத்தால் சாக்கெட் கோப்புக்கு முதல் எழுத்து 'எஸ்' என்று வரும், அடைவுக்கு 'டி' என்று வரும். அந்த ஓர் எழுத்தைப் பார்த்தால் போதும்.

பாதை சரி, ஆனால் லாக்கில் 'பெர்மிஷன் டினைட்' என்று வருகிறதா? உடனே சாக்கெட்டுக்கு 666 அனுமதி கொடுக்கச் சொல்லி இணையத்தில் ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். செய்யாதீர்கள். போர்ட்டெய்னர் சாதாரணமாகக் கன்டெய்னருக்குள் ரூட்டாகவே ஓடுகிறது, கோப்பு அனுமதி அதற்குத் தடையே இல்லை. ஆகவே 666 உங்கள் பிரச்சினையைத் தீர்க்க வாய்ப்புக் குறைவு, ஆனால் சர்வரில் இருக்கும் ஒவ்வொரு பயனருக்கும் ரூட் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்துவிடும். உண்மையான காரணம் பெரும்பாலும் கீழே இருப்பவற்றில் ஒன்று.

ஃபெடோரா, ரெட் ஹேட், ராக்கி போன்றவற்றில் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு. 'கெட்என்ஃபோர்ஸ்' கொடுத்தால் 'என்ஃபோர்ஸிங்' என்று வந்தால் சந்தேகம் உறுதி. போர்ட்டெய்னர் ஆவணங்கள் ப்ரிவிலேஜ்ட் விருப்பத்தைச் சேர்க்கச் சொல்கின்றன, அது வேலை செய்யும். அதைவிடக் குறுகிய வழியாக 'செக்யூரிட்டி-ஆப்ட்' விருப்பத்தில் 'லேபிள்=டிசேபிள்' என்று கொடுத்து அந்த ஒரு கன்டெய்னருக்கு மட்டும் லேபிள் பிரிப்பை நிறுத்தலாம், நான் இதையே பரிந்துரைப்பேன். சர்வர் முழுக்க எஸ்இலினக்ஸை அணைப்பது மட்டும் வேண்டாம்.

ரூட்லெஸ் டாக்கர் (ரூட் அதிகாரம் இல்லாமல் ஓடும் டாக்கர்) என்றால் சாக்கெட் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் பயனர் எண் 1000 என்றால் '/ரன்/யூசர்/1000/டாக்கர்.சாக்' என்ற பாதையை இடது பக்கம் கொடுத்து, வலது பக்கம் வழக்கமான பாதையையே விடுங்கள். எஞ்சினில் யூசர்என்எஸ்-ரீமேப் போட்டு வைத்திருந்தால் உள்ளே ரூட்டாக இருப்பவர் வெளியே சாதாரணப் பயனர், ஆகவே இந்தக் கன்டெய்னருக்கு 'யூசர்என்எஸ்=ஹோஸ்ட்' சேர்க்க வேண்டும்.

இனி இன்னொரு வகை, இது எதையும் தொடாமல் இருந்தபோது திடீரென்று வரும். நேற்று வரை ஓடியது, சர்வரில் வழக்கமான அப்டேட் ஓடியது, இன்றைக்கு டெர்மினலில் டாக்கர் நன்றாக இருக்கிறது, போர்ட்டெய்னரில் மட்டும் சூழல் 'டவுன்'. லாக்கில் 'கிளையன்ட் வெர்ஷன் இஸ் டூ ஓல்ட்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். டாக்கர் எஞ்சின் 29 வந்தபோது அது ஏற்கும் குறைந்தபட்ச ஏபிஐ (மற்ற நிரல்கள் எஞ்சினிடம் பேசும் முறை) பதிப்பை 1.44 என்று உயர்த்தினார்கள். அதற்கு முந்தைய போர்ட்டெய்னர்கள் பழைய ஏபிஐ பதிப்பில் கேட்டன, எஞ்சின் மறுத்தது. சரியான தீர்வு போர்ட்டெய்னரைப் புதிய பதிப்புக்கு ஏற்றுவது. உடனடியாக முடியாத நிலை என்றால் டாக்கர் சேவையின் சூழல் மாறிகளில் டாக்கர்_மின்_ஏபிஐ_வெர்ஷன் என்பதற்கு 1.24 போன்ற பழைய எண்ணைக் கொடுத்து எஞ்சினை மறுதொடக்கம் செய்யலாம், ஆனால் அதைத் தற்காலிகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினைப் பழைய பதிப்புக்கு இறக்குவது கடைசி வழி, பாதுகாப்புத் திருத்தங்களையும் சேர்த்து இழப்பீர்கள்.

சாக்கெட்டைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. மவுன்ட் வரியின் முடிவில் ':ஆர்ஓ' போட்டுவிட்டால் படிக்க மட்டும்தான் முடியும், பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது உண்மை இல்லை. அந்தக் குறி சாக்கெட் என்ற கோப்பை அழிக்கவோ மாற்றவோ விடாது, ஆனால் அதன் வழியாகப் போகும் கோரிக்கைகளை அது தடுப்பதில்லை. கன்டெய்னரை உருவாக்கச் சொல்லியும் அழிக்கச் சொல்லியும் கேட்கலாம். அதேபோல, சாக்கெட் தகராறாக இருக்கிறது என்று எஞ்சினை 2375 போர்ட்டில் மறையாக்கம் இல்லாமல் திறந்துவிடச் சொல்லும் வழிகாட்டிகளைப் பின்பற்றாதீர்கள். இணையத்தில் திறந்திருக்கும் 2375 போர்ட்டுகளைத் தேடிப்பிடித்து நாணயச் சுரங்க நிரல்களை ஏற்றும் தானியங்கிகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அப்டேட்டுக்குப் பிறகு புதிதாக அட்மின் உருவாக்கச் சொல்கிறது

பார்த்ததும் நெஞ்சு பதறும், ஆனால் தரவு பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். புதிய கன்டெய்னர் வேறொரு வால்யூமைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். படிவத்தை நிரப்பாதீர்கள், 'டாக்கர் வால்யூம் எல்எஸ்' கொடுங்கள்.

முன்பு ரன் கட்டளையில் நிறுவிவிட்டு இப்போது கம்போஸ் கோப்புக்கு (கன்டெய்னர்களின் அமைப்பை எழுதி வைக்கும் கோப்பு) மாறியவர்களுக்கு இது வந்தே தீரும். கம்போஸ் ஒவ்வொரு வால்யூம் பெயருக்கும் முன்னால் புராஜெக்ட் பெயரைச் சேர்க்கும், புராஜெக்ட் பெயர் சாதாரணமாக அந்த அடைவின் பெயர். ஆகவே போர்ட்டெய்னர் என்ற அடைவுக்குள் இருந்து எழுப்பினால் போர்ட்டெய்னர்_போர்ட்டெய்னர்_டேட்டா என்று ஒரு புதிய காலி வால்யூம் உருவாகியிருக்கும், பழையது பக்கத்திலேயே தொடப்படாமல் இருக்கும். கம்போஸ் கோப்பின் வால்யூம் பகுதியில் அந்த வால்யூமுக்கு 'எக்ஸ்டர்னல்: ட்ரூ' என்று எழுதி, பழைய பெயரையே கொடுத்துக் கன்டெய்னரை மறுபடி உருவாக்குங்கள். பழைய கணக்கு, பழைய ஸ்டேக்குகள் (சேர்ந்து ஓடும் கன்டெய்னர் தொகுதிகள்) எல்லாம் திரும்பி வந்துவிடும்.

பட்டியலில் எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான பெயர்களில் வால்யூம்கள் இருந்தால், முதல் தடவை நிறுவும்போது பெயர் கொடுத்த வால்யூமே மாட்டவில்லை என்று அர்த்தம். அந்தப் பெயரில்லா வால்யூம்களில் ஒன்றில் போர்ட்டெய்னர்.டிபி இருக்கக்கூடும், ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

கடவுச்சொல் மறந்துவிட்டது

வால்யூமை அழிக்க வேண்டாம். போர்ட்டெய்னரை நிறுத்துங்கள், பிறகு ஹெல்ப்பர்-ரீசெட்-பாஸ்வேர்ட் என்ற போர்ட்டெய்னரின் சொந்த இமேஜை, அதே வால்யூமை '/டேட்டா' பாதையில் மாட்டி, 'ஆர்எம்' விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டுங்கள். புதிய கடவுச்சொல் திரையில் வரும், குறித்துக்கொண்டு போர்ட்டெய்னரை எழுப்புங்கள். நிறுத்தாமல் ஓட்டினால் மேலே சொன்ன அதே பூட்டுப் பிரச்சினை வரும்.

ரிவர்ஸ் பிராக்ஸிக்குப் பின்னால் வைத்ததும் உடைந்துவிட்டது

நேரடியாகத் திறந்தால் வருகிறது, டொமைன் பெயரில் திறந்தால் 502 என்றால், பிராக்ஸி (முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் சர்வர்) போர்ட்டெய்னரை எட்டவில்லை. பிராக்ஸியும் ஒரு கன்டெய்னராக ஓடுகிறது என்றால் அதன் அமைப்பில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்பது பிராக்ஸி கன்டெய்னர் தன்னையே குறிப்பது. இரண்டையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் போட்டு, கன்டெய்னர் பெயரையும் 9000 போர்ட்டையும் எச்டிடிபி வழியாகக் கொடுங்கள். 9000 போர்ட்டை வெளியே பப்ளிஷ் செய்யத் தேவையில்லை, உள் நெட்வொர்க்கில் அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. 9443 போர்ட்டுக்கே அனுப்புவேன் என்றால் எச்டிடிபிஎஸ் என்று எழுத வேண்டும், சுயகையெழுத்துச் சான்றிதழைப் பிராக்ஸி ஏற்கவும் வேண்டும். இரண்டு மடங்கு வேலை.

எல்லாம் வருகிறது, கன்டெய்னரின் கன்சோல் மட்டும் இணையவில்லை என்றால் காரணம் வெப்சாக்கெட், அதாவது கன்சோலுக்குத் தேவையான தொடர் இணைப்பைப் பிராக்ஸி கடத்தவில்லை. என்ஜின்எக்ஸ் என்றால் எச்டிடிபி பதிப்பை 1.1 ஆக்கி, அப்கிரேட், கனெக்ஷன் ஆகிய இரண்டு ஹெடர்களையும் கடத்த வேண்டும். கன்சோல் இணைகிறது, ஒரு நிமிடம் சும்மா விட்டால் அறுந்துபோகிறது என்றால், அதன் பிராக்ஸி-ரீட்-டைம்அவுட் இயல்பாக 60 விநாடி, அதைக் கூட்டுங்கள். பிராக்ஸி இல்லாமலேயே கன்சோல் உடனே மூடிக்கொள்கிறது என்றால் வேறு விஷயம்: ஆல்பைன் போன்ற சின்ன இமேஜ்களில் பாஷ் இருக்காது, பட்டியலில் எஸ்எச் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்ட்ரோலெஸ் இமேஜ் என்றால் ஷெல்லே கிடையாது, முயன்று பயனில்லை.

லாகின் செய்யும்போதோ எதையாவது சேமிக்கும்போதோ 403 வந்து 'ஆரிஜின் இன்வேலிட்' என்று சொன்னால், பிராக்ஸி உண்மையான ஹோஸ்ட் பெயரையும் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடரையும் கடத்தவில்லை. புதிய பதிப்புகள் இதில் கறாராக இருக்கின்றன. ஹெடர்களைச் சரிசெய்தும் போகாவிட்டால் ட்ரஸ்டட்-ஆரிஜின்ஸ் விருப்பத்தில் உங்கள் டொமைனைக் கொடுங்கள்.

ஸ்டேக் ஏற்றினால் கோப்புகள் காணவில்லை

டெர்மினலில் அழகாக ஓடிய கம்போஸ் கோப்பை வெட்டி போர்ட்டெய்னரின் எடிட்டரில் ஒட்டினால், './கான்ஃபிக்' என்று மாட்டிய அடைவு காலியாக இருக்கும், அல்லது அடைவைக் கோப்பின் மேல் மாட்டப் பார்க்கிறீர்களா என்று பிழை வரும். காரணம் கொஞ்சம் சுற்றி வளைத்தது. எடிட்டரில் எழுதும் ஸ்டேக்கைப் போர்ட்டெய்னர் தன் கன்டெய்னருக்குள் '/டேட்டா/கம்போஸ்' அடைவில் ஓர் எண்ணுக்குக் கீழே சேமிக்கிறது, புள்ளியில் தொடங்கும் பாதையை அங்கிருந்து கணக்கிடுகிறது. ஆனால் மாட்டுகிற வேலையைச் செய்யும் எஞ்சின் சர்வரில் இருக்கிறது, அது அதே பாதையைச் சர்வரில் தேடுகிறது. அங்கே அப்படி எதுவும் இல்லை, ஆகவே ஒரு காலி அடைவை உருவாக்கி மாட்டிவிடுகிறது. முழுப் பாதை எழுதினால் தீர்ந்தது. என்வி கோப்பிலும் இதே கதை: எடிட்டருக்குக் கீழே இருக்கும் சூழல் மாறிகள் பகுதியில் நிரப்பிவிட்டு, கம்போஸ் கோப்பில் என்வி_ஃபைல் என்ற இடத்தில் 'ஸ்டேக்.என்வி' என்று குறிப்பிடுங்கள்.

ஸ்டேக் பட்டியலில் இருக்கிறது, ஆனால் 'லிமிடெட்' என்று போட்டு திருத்த விட மாட்டேன் என்கிறதா? அது டெர்மினலில் எழுப்பியது, அதன் கம்போஸ் கோப்பு போர்ட்டெய்னரிடம் இல்லை. டெர்மினலில் இறக்கிவிட்டு, அதே புராஜெக்ட் பெயரிலேயே போர்ட்டெய்னரில் புதிதாக உருவாக்குங்கள். பெயரை மாற்றினால் வால்யூம் பெயர்களும் மாறும், தரவுத்தளம் காலியாக எழும், அப்புறம் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

இமேஜ் இறங்காமல் 'டூமெனிரிக்வெஸ்ட்ஸ்' என்று வந்தால், இமேஜ்கள் இறங்கும் தளமான டாக்கர் ஹப்பின் வரம்பு. லாகின் செய்யாதவர்களுக்கு ஒரு ஐபி முகவரிக்கு 6 மணி நேரத்தில் 100 இறக்கம்தான், அலுவலகத்தில் எல்லாரும் ஒரே முகவரியில் வெளியே போனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ரெஜிஸ்ட்ரி பகுதியில் உங்கள் டாக்கர் ஹப் கணக்கைச் சேர்த்துவிடுங்கள்.

கன்டெய்னர் பட்டியலில் போர்ட் எண்ணைச் சொடுக்கினால் 0.0.0.0 என்ற முகவரிக்குப் போகிறது என்றால் சூழலின் அமைப்புகளில் 'பப்ளிக் ஐபி' என்ற இடம் காலியாக இருக்கிறது. சர்வரின் முகவரியை அங்கே எழுதுங்கள்.

இரண்டாவது சர்வரைச் சேர்க்க முடியவில்லை

ஏஜென்ட் (அந்தச் சர்வரில் ஓடிப் போர்ட்டெய்னருக்குப் பதில் சொல்லும் சிறு நிரல்) 9001 போர்ட்டில் கேட்கிறது, போர்ட்டெய்னர் சர்வரிலிருந்து அந்த போர்ட்டை எட்ட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். எதிர்த்திசையில் மட்டும்தான் இணைப்பு சாத்தியம், அதாவது அந்தச் சர்வருக்குள் வெளியிலிருந்து நுழைய முடியாது என்றால் சாதாரண ஏஜென்ட் ஒத்துவராது, எட்ஜ் ஏஜென்ட் போடுங்கள். ஆரம்பத்தில் தூக்கி எறிந்த 8000 போர்ட் இங்கேதான் வேண்டும்.

எட்ட முடிகிறது, ஆனாலும் கோரிக்கையின் கையொப்பம் செல்லாது என்று மறுத்தால், அந்த ஏஜென்ட் ஏற்கெனவே வேறொரு போர்ட்டெய்னரோடு கைகோத்துவிட்டது. முதலில் தன்னைத் தொடர்புகொள்ளும் போர்ட்டெய்னரின் சாவியை ஏஜென்ட் நினைவில் வைத்துக்கொண்டு மற்றவர்களை மறுக்கும். நீங்கள் போர்ட்டெய்னரைப் புதிய வால்யூமோடு மறுபடி நிறுவியிருந்தாலும் ஏஜென்ட்டின் கண்ணுக்கு நீங்கள் வேற்றாள்தான். ஏஜென்ட் கன்டெய்னரை மறுதொடக்கம் செய்தால் பழைய சாவியை மறந்துவிடும், உடனே புதிய போர்ட்டெய்னரிலிருந்து இணையுங்கள். இரண்டு போர்ட்டெய்னர்கள் ஒரே ஏஜென்ட்டைப் பார்க்க வேண்டும் என்றால் மூன்று இடத்திலும் ஏஜென்ட்_சீக்ரெட் என்ற மாறிக்கு ஒரே மதிப்பைக் கொடுக்க வேண்டும், அது யாரும் ஊகிக்க முடியாத நீளமான மதிப்பாக இருக்கட்டும்.